நான் போகாத கச்சேரி

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் வாசலில் நிறுத்தினான். புதுக் காவலாளி. "யாரோட வந்திருக்கீங்க?" என்றான். பத்திரிகை என்றேன். என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பத்திரிகைக்காரர் எங்கம்மா?" என்கிறான். ஒன்பது வருடமாக இதே கேள்வி. கிட்டார்காரனுக்குத் தங்கச்சி, டிரம்மருக்குச் சம்சாரம் என்று எல்லா முறையும் ஆகிவிட்டேன். ஒரு தடவை பாடகனுக்கு அம்மா என்று உள்ளே விட்டார்கள். அன்றைக்கு மட்டும்தான் நிஜமாகவே கோபம் வந்தது.

உள்ளே ஒல்லி இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே மல்லாந்து படுத்து, ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தான். இந்த நகரத்தில் எந்த ராக் கச்சேரி என்றாலும் ஒலியமைப்பு அவன்தான். "விடுய்யா, அது நம்ம டீச்சர்" என்று படுத்தபடியே கத்தினான். எப்போதும் நோட்டும் கையுமாக நிற்பதால் அவனுக்கு நான் டீச்சர்.

அம்மா சாயங்காலம் கேட்டாள்: "அந்த டமார் டமாரைக் கேக்கறதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாங்க? எனக்குத் தந்தாக்கூடக் கேக்க மாட்டேன்."

மார்ச் 6, வியாழன்

பச்சை மைப் பெண்ணிடமிருந்து மறுபடியும் கடிதம். மாதம் ஒன்று எழுதுகிறாள், எப்போதும் பச்சை மையில். பத்தொன்பது வயது, தட்டச்சு படிக்கிறாள். முதல் கடிதத்தில், "கச்சேரிக்கெல்லாம் பெண்கள் போவார்கள் என்பதே உங்களைப் படித்துத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தாள். அன்று ஆசிரியர் மேசையில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். முதல் மூன்று வருடம் என் பெயரைப் போடாமல் வெறும் முதலெழுத்துகளைப் போட்டவர் அவர். "வாசகர்கள் ஆம்பளைன்னே நினைச்சுக்கட்டுமேம்மா, என்ன இப்போ?" என்றவர்.

இன்றைய கடிதம்: "அக்கா, 15ஆம் தேதி கிடங்கில் நடக்கிற கச்சேரிக்கு நீங்கள் வருவீர்கள்தானே? வீட்டில் விடவே மாட்டேன் என்றார்கள். பத்திரிகைக்கார அக்கா வருகிற இடம், பயமில்லை என்று சொல்லி அனுமதி வாங்கியிருக்கிறேன்."

உடனே ஒரு அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். கட்டாயம் வருவேன், வந்து பேசு என்று. மனசு நிறைந்திருந்தது. ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு பத்துப் பெண்களையாவது வீட்டை விட்டு வெளியே இழுத்திருப்பேன். வேறென்ன வேண்டும் எனக்கு?

மார்ச் 11, செவ்வாய்

சினிமாப் பக்கத்துக்காரரோடு காப்பி. தான் பார்க்காத படத்துக்கு விமரிசனம் எழுதி மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படிச் சிரிக்காமல் இருக்க முடியும்? என் பிழைப்பும் அதுதானே.

சனிக்கிழமை இசைப்பக்கம் ஏழு மணிக்கு முடிந்துவிட வேண்டும். கச்சேரி ஆரம்பிப்பதோ எட்டுக்கு. ஞாயிறு காலை வாசகருக்கு விமரிசனம் வேண்டும். அதனால் மத்தியானமே போய் ஒத்திகையைப் பார்த்து, ஒல்லியிடம் பாட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்து, "நேற்று இரவு" என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். கடைசிப் பாட்டைத் தொடவே மாட்டேன். கூட்டம், அரங்கு, முதல் பாட்டு, இவற்றோடு நிறுத்தினால் எவனும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் நிஜக் கச்சேரிக்குப் போவேன். ஏதாவது மாறியிருந்தால் ஒன்பது மணிக்குள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து திருத்துவேன். ஒன்பதுக்கு உள்பக்கங்கள் அச்சேறிவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக் கொடுத்த வழி இது. அவர் திரும்பப் போனதே இல்லை. நான் ஒரு தடவைகூடப் போகாமல் இருந்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

மார்ச் 15, சனி — மாலை ஏழரை

பக்கம் கொடுத்தாயிற்று. தலைவலி. இன்றைக்குப் போகவில்லை.

மத்தியானம் மூன்று மணிக்குக் கிடங்கில் நல்ல காற்று. நூல் மூட்டை அடுக்கிய பழைய கிடங்குதான் அது, ஜன்னல் கிடையாது. சாமான் ஏற்றுவதற்காக இடமும் வலமும் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துபோட்டிருந்தார்கள். இடப்பக்கக் கதவருகே உட்கார்ந்து எழுதினேன். கிடங்குக்காரர் ஆட்களிடம் கத்திக்கொண்டிருந்தார்: "ஆறரைக்கு ரெண்டு கதவையும் பூட்டிடுங்கடா. போன தடவை ஓசியிலயே நூறு பேர் நுழைஞ்சுட்டானுங்க." நோட்டில் குறித்து வைத்தேன், எப்போதாவது வேடிக்கைத் துணுக்காகப் போடலாம் என்று. விமரிசனத்தில் கதவு திறந்திருந்ததைத்தான் எழுதினேன். அதுதான் படிக்க நன்றாக இருந்தது.

தலைக்குக் குளித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு விளையாட்டுப் பக்கத்துக்காரர் தொலைபேசியில். "தங்கச்சி, நீ நல்லா இருக்கியா? உசிரோட இருக்கியாம்மா?" ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. நான் நல்லாத்தான் இருக்கேன், ஏன்?

ஆறு பேர்.

ஆறு பேர் செத்துட்டாங்க. மேடைக்குப் பின்னால ஸ்பீக்கர் ஒயர்ல பொறி பறந்து திரை புகைஞ்சிருக்கு. விளக்கு போச்சு. எல்லாரும் பக்கவாட்டுக் கதவுக்கு ஓடியிருக்காங்க. கதவு திறக்கல. ஒன்பது மணி தாண்டி அஞ்சு நிமிஷம். நான் அப்போ தூங்கிட்டிருந்தேன்.

பேப்பர் வாசலில் கிடந்தது. முதல் பக்கத்தில் ஆறு பேர் பலி. ஒன்பதாம் பக்கத்தில் நான்.

மார்ச் 17, திங்கள்

என் வாக்கியத்தை இங்கே எழுதி வைக்கிறேன்: "நிற்க இடமில்லாத கூட்டம், ஆனால் இரண்டு பக்கவாட்டுக் கதவுகளும் விரியத் திறந்திருந்ததால், கடைசி வரிசைவரை காற்று வந்து, யாருக்கும் மூச்சு முட்டவில்லை."

மூச்சு முட்டவில்லையாம்.

காலையில் அலுவலகம் போனதும் ஆசிரியர் கதவைச் சாத்தினார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்மா" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "எட்டு மணிக்குப் போனே. கொஞ்ச நேரம் பார்த்தே. வெளிய வந்து ஃபோன்ல சொன்னே. பக்கம் ஒன்பதுக்கு முடிஞ்சது. நீ இருந்தப்போ கதவு திறந்திருந்தது, அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

சரி சார் என்றேன். ஆமாம், "சரி சார்" என்றுதான் சொன்னேன். பூசி மெழுகுவதற்கு எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 19, புதன்

இறந்தவர்களின் பெயரும் முகவரியும் வந்திருக்கின்றன. பெயரை விட்டுவிட்டு முகவரிகளைத்தான் படித்தேன். நாலாவது முகவரி எனக்குத் தெரியும். பச்சை மையில் எத்தனையோ தடவை படித்த முகவரி.

மார்ச் 20, வியாழன்

எழுத முடியவில்லை.

மார்ச் 22, சனி

ஒல்லியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அஜாக்கிரதையாக ஒயரை ஒட்டுப்போட்டு ஆறு பேர் சாவுக்குக் காரணமானானாம்.

கிடங்குக்காரர் நிருபர்களைக் கூப்பிட்டுப் பேட்டி கொடுத்திருக்கிறார். "எங்க கதவு திறந்துதான் இருந்துச்சு. கதவு உள்பக்கமா திறக்கிற கதவு. கூட்டம் நெருக்கித் தள்ளினதுல மூடிக்கிச்சு. நான் சொன்னா நம்ப வேண்டாம், பத்திரிகையில என்ன போட்டிருக்குன்னு பாருங்க. அந்தம்மா நேர்ல இருந்து எழுதினது." கையில் என் கட்டுரையை நீட்டிப் பிடித்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. பூட்டு தொங்கியதைப் பார்த்ததாகத் தப்பி வந்த இருவர் சொல்கிறார்கள். பயத்தில் எதையோ பார்த்திருப்பார்கள் என்கிறார் அவர். இப்போது கதவில் பூட்டு இல்லை. இருக்குமா பின்னே? நாலு ஸ்க்ரூ கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

நான் அங்கே இல்லை என்பது வெளியில் ஒரே ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். என்னிடம் பாட்டுப் பட்டியலைக் கொடுத்தவன். ராத்திரி மேடையிலிருந்து கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்திருக்கக்கூடியவன்.

மார்ச் 27, வியாழன்

சிறையில் ஒல்லியைப் பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இன்னும் இளைத்திருந்தான். இளைப்பதற்கு அவனிடம் என்ன மிச்சம் இருந்ததோ.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "டீச்சர் வரவே இல்லன்னு ஏன் நீ போலீஸ்ல சொல்லல?"

"யாரும் கேக்கல."

"ஒல்லி."

"சொன்னா யாரு நம்புவாங்க? நான் குற்றவாளி. உன்னுது அச்சுல இருக்கு." கம்பி வலையில் விரலைக் கோத்துக்கொண்டான். "ஒயர் என்னுதுதான். பழைய ஒயர், மாத்தணும்னு கேட்டேன், வாங்கித் தரல, ஒட்டுப் போட்டேன். அதுக்குத் தண்டனை குடுத்தா வாங்கிக்கறேன். ஆனா புகைக்கு யாரும் சாகல டீச்சர். கதவுக்குத்தான் செத்தாங்க."

என்னைத் திட்டுவான் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை. போகும்போது, "உனக்குத் தலைவலி சரியாச்சா?" என்று கேட்டான். அது எப்படி அவனுக்குத் தெரியும் என்று தூக்கிவாரிப் போட்டது. முன்னாலேயே அவனைப் பார்க்கப் போன சினிமாப் பக்கத்துக்காரர் சொன்னாராம். அவரிடமும் தலைவலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தலைவலி இல்லை. இந்த நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன்?

சலிப்பாக இருந்தது. அதுதான் உண்மை. அந்தக் குழுவை நாலு தடவை பார்த்தாயிற்று. அதே குதி, அதே கத்தல், அதே வியர்வை நாற்றம், இடிபட்டுக்கொண்டு நிற்பது. ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் காலை நீட்டிப் படுக்கலாமே என்று இருந்தது. பச்சை மைப் பெண் நினைவுக்கு வந்தாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

போயிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? பூட்டைப் பார்த்திருப்பேன். சத்தம் போட்டிருப்பேன், எனக்கு வாய் உண்டு. இல்லை, பார்த்தும் பார்க்காத மாதிரி நோட்டில் குறித்துக்கொண்டிருப்பேனா? மத்தியானம் அதைத்தானே செய்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

விசாரணைக் கமிஷனிலிருந்து அழைப்பு. பத்தாம் தேதி. கிடங்குக்காரர் தரப்புச் சாட்சியாம் நான்.

சாயங்காலம் அவரே வீட்டுக்குத் தொலைபேசி செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "உங்க எழுத்துதாம்மா என்னைக் காப்பாத்திச்சு. எனக்கு ரெண்டு பெண் குழந்தைங்க. அதுங்க தலை நிமிர்ந்து ஸ்கூலுக்குப் போகுதுன்னா உங்க புண்ணியம். இத்தனை வருஷமா உங்களை வாசல்ல நிக்க வெச்சதுக்கு மன்னிச்சிருங்க. இனிமே உங்களுக்குத் தனி நாற்காலி."

வைத்துவிட்டேன். நூறு கச்சேரிக்கு நின்று கால் வலித்தபோதெல்லாம் நான் ஆசைப்பட்டது அந்த நாற்காலிக்குத்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

ஆசிரியர் மறுபடியும் கதவைச் சாத்தினார். இன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது. "உனக்காகச் சொல்லலம்மா. பத்திரிகைக்காகக்கூட இல்ல. உனக்கப்புறம் வர்ற பொண்ணுங்களை நினைச்சுப் பாரு. நீ அங்க போகவே இல்லன்னு தெரிஞ்சா நாளைக்கு என்ன சொல்வாங்க? பொம்பளைக்கு இந்த வேலை குடுத்தா இப்படித்தான்னு சொல்வாங்க. நானே அப்புறம் ஒருத்தியையும் எடுக்க முடியாது."

மனுஷன் சரியான இடத்தில் அடித்தார். அது பொய்யும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பதினோரு வருடம் ஒரு கச்சேரிக்கும் போகாமலே எழுதினார். ஆம்பளைக்கு இந்த வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு நாயும் சொல்லவில்லை.

ஆம்பளை தப்பு அவனோடு போகும். என் தப்பு எல்லாப் பெண்களுக்கும் போகும். சரி. ஆனால் பச்சை மைப் பெண் எந்தக் கணக்கில் வருவாள்?

ஏப்ரல் 8, செவ்வாய்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அன்னைக்கு நீ வீட்லதானே இருந்தே. நான்தானே உனக்குத் தலை துவட்டிவிட்டேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்ப அதைச் சொல்றதுக்கு எதுக்கு மூணு வாரமா சாப்பிடாம கிடக்கறே?"

"வேலை போயிடும்மா. பேரு போயிடும். எல்லாம் போயிடும்."

"போகட்டும்னு நான் சொல்ல மாட்டேன்டி. நீ பட்ட பாட்டைப் பார்த்தவ நான்." அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "ஆனா உன்னை உசிரோட பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா? அந்தப் பொண்ணைப் பெத்தவளுக்கு அது இல்ல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." அதோடு முடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். இரண்டு தட்டு.

ஏப்ரல் 10, வியாழன்

பழைய நூலகத்தின் மாடியில் விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி, மூக்கு நுனியில் கண்ணாடி. பின்வரிசையில் இறந்தவர்களின் வீட்டார். நடுவில் ஒல்லி, இரண்டு பக்கமும் போலீஸ். முன்னால் கிடங்குக்காரர், என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து கும்பிட்டார்.

அவர் வழக்கறிஞர் என் கட்டுரையைக் கொடுத்து, அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

"இதை எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"நேர்ல பார்த்து எழுதினது?"

"ஆமா. அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்குப் பார்த்து."

அவர் அடுத்த கேள்விக்காகத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நீதிபதிதான் கண்ணாடியைக் கழற்றினார். "மத்தியானமா? ராத்திரி எங்க இருந்தீங்க?"

"வீட்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு மணிக்குப் பக்கம் முடிவதை, "நேற்று இரவு" என்று மத்தியானமே எழுதுவதை, ஒன்பது வருடமாக அதையே செய்வதை. அன்று ஏன் போகவில்லை என்று கேட்டார். சலிப்பு என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது பின்வரிசையைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் பூட்டச் சொன்னதைக் காதால் கேட்டேன் என்றேன். கிடங்குக்காரரைக் கையால் காட்டினேன். ஆறரைக்கு ரெண்டு கதவையும் பூட்டச் சொன்னார் என்றேன். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி வழக்கறிஞர் எழுந்தார். முகத்தில் கோபமே இல்லை, சிரிப்புத்தான்.

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதினவங்க, கேக்காததைக் கேட்டேன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்மா?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். அன்றைய தேதி, அவர் சொன்ன வார்த்தை, என் கையெழுத்து. வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுவும் நீங்களே எழுதினதுதானே?"

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒல்லி தலையைக் குனிந்துகொண்டான்.

ஏப்ரல் 11, வெள்ளி

வேலை போய்விட்டது. என் மேசையைக் காலி செய்யக்கூட உள்ளே விடவில்லை. விளையாட்டுப் பக்கத்துக்காரர் ஒரு பையில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். கண்ணைப் பார்க்காமலே கொடுத்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். "முன்னாள் பெண் நிருபர் ஒருவரின் தனிப்பட்ட ஒழுங்கீனம்." பெண் என்ற சொல் எதற்கு அங்கே? கல்லூரியிலிருந்து கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடமும் இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க?" எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. போகாததையா, சொன்னதையா? கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மே 9, வெள்ளி

பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் மெய்ப்பு பார்க்கும் வேலை. ஜன்னலோர மேசை, பூகோளம் ஏழாம் வகுப்பு. யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. நிம்மதி.

ஜூன் 6, வெள்ளி

கமிஷன் அறிக்கை வந்துவிட்டது.

கதவுகள் பூட்டியிருந்தன என்று எழுதிவிட்டார்கள். என் கட்டுரை சாட்சியாக நிற்காமல் போனதால், பூட்டைப் பார்த்த அந்த இருவரின் சொல்லை ஏற்றுக்கொண்டார்களாம். அதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பத்தியிலேயே: பூட்டச் சொன்னது யார் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. "தானே ஒப்புக்கொண்டபடி கண்ணால் காணாததை எழுதும் வழக்கமுள்ள" சாட்சியை ஏற்பதற்கில்லை. ஊழியர் யாரோ பூட்டியிருக்கலாம். உரிமையாளருக்குக் கண்டிப்பு, ஆறு மாதம் உரிமம் நிறுத்தம். ஆறு உயிருக்கு ஆறு மாதம். ஒல்லியை ஜாமீனில் விட்டிருக்கிறார்கள், வழக்கு நடக்கும்.

பொய் எழுதியபோது எல்லாரும் நம்பினார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் குடை, காலில் தேய்ந்த செருப்பு. விசாரணையில் பின்வரிசையில் பார்த்த முகம். அன்றே யாரோ காட்டிச் சொல்லியிருந்தார்கள். பச்சை மைப் பெண்ணின் அம்மா.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றார். "அவ கடைசியா என்ன பாட்டுக் கேட்டா? சந்தோஷமா இருந்தாளா? யாரைக் கேட்டாலும், செத்துப்போனதை மட்டும்தான் சொல்றாங்க."

என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. அந்தக் குழு எனக்குத் தெரியும், அந்தக் கூட்டம் தெரியும், ஒரு பத்தி என்ன, ஒரு பக்கமே சொல்லியிருப்பேன். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்சம் தூங்கியிருப்பார். ஒன்பது வருடம் செய்த வேலைதானே.

"தெரியலைங்கம்மா. நான் அங்க இல்ல."

தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்தார். படி இறங்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது. "கேட்டுச் சொல்றேன். இருந்தவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 29, ஞாயிறு

இதுவரை ஏழு பேர். பாதிப் பேர் முகத்தில் கதவைச் சாத்தினார்கள், நியாயம்தான். டிரம்மர் ஒரு மணி நேரம் பேசினான். எட்டு மணிக் கச்சேரி எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கியதாம். முதலில் பாடியது ரயில் பாட்டு. நான் விமரிசனத்தில் மழைப் பாட்டு என்று எழுதியிருந்தேன். பட்டியலைக் கடைசி நேரத்தில் மாற்றியிருக்கிறார்கள். இன்றுவரை ஒரு ஆள்கூட அதைச் சொல்லவில்லை.

ஒல்லியிடமும் போனேன். ரேடியோ பழுது பார்க்கிறான் இப்போது. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான், எந்த ஸ்பீக்கர், எந்த நிமிடம், எந்த வரி. டீச்சர் என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அவளோடு போன சிநேகிதி ஒருவழியாகப் பேசச் சம்மதித்தாள். இடது கையில் இன்னும் கட்டு. தட்டச்சுப் பயிற்சியை விட்டுவிட்டாள்.

ரயில் பாட்டுக்கு இருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குதித்திருக்கிறார்கள். இரண்டாவது பாட்டின் வரியை அவள் தப்பாகவே பாடினாளாம், சொன்னாலும் கேட்கவில்லையாம். மூன்றாவது பாட்டின் நடுவில் விளக்கு போயிருக்கிறது. முதலில் கை தட்டியிருக்கிறார்கள், அதுவும் கச்சேரியில் ஒரு வித்தை என்று நினைத்து.

"ரெண்டு பேரும் எங்க நின்னீங்க?" என்றேன்.

"இடப்பக்கக் கதவுகிட்ட. நான் நடுவுல நிக்கலாம்னுதான் சொன்னேன். அவதான் கேக்கல. அக்கா அங்கதான் நிப்பாங்கன்னா. நீங்க அனுப்பின அட்டையைப் பையில வெச்சிருந்தா, எனக்குக் காட்டினா."

அதில் இருந்ததை அவளே சொன்னாள்: இடப்பக்கக் கதவருகே நிற்பேன், வந்து பேசு. அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எழுதியது எனக்கு நினைவே இல்லை. மார்ச் 6 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வருவேன் என்று எழுதினதை மட்டும் குறித்திருக்கிறேன். ஆறு பேரில் நாலு பேர் செத்தது அந்தக் கதவில்.

"உங்களைத் தேடித் தேடிப் பார்த்துட்டே இருந்தா" என்றாள் சிநேகிதி. குறை சொல்லும் குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள்.

ஜூலை 14, திங்கள்

அதை எழுத வேண்டுமா? அந்த அம்மா கேட்டது பாட்டைப் பற்றி, சந்தோஷத்தைப் பற்றி. அட்டையை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்? படிக்க நன்றாக இருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

நாலு பக்கம் வந்தது. யார் சொன்னது, எங்கே நின்று பார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு அறை வீடு. தட்டச்சு இயந்திரத்தை உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அப்பா நான் வந்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்தார். தாளை நீட்டினேன். "கண்ணாடி இல்லாம படிக்க முடியாது, நீங்களே படிங்க" என்றார்.

படித்தேன். ரயில் பாட்டு, செருப்பு, தப்பாகப் பாடிய வரி. அங்கே அந்த அம்மாவின் உதடு லேசாக அசைந்தது. வீட்டிலும் அப்படித்தானாம். விளக்கு போனது, கை தட்டியது. அவள் எங்கே நின்றாள் என்கிற இடம் வந்தது. என் அட்டை வந்தது. இடப்பக்கக் கதவருகே என்று பாதி படித்து நிறுத்திவிட்டேன். எத்தனை முயன்றும் அடுத்த சொல் வரவில்லை.

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"மேல படிங்க" என்றார்.